தாடையில் பிறந்த தலைவலி

“தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால் தெரியும்” என்பது முன்னோர் வாக்கு. வகுப்பறையிற் பழமொழிகளுக்குப் பொருள் கூறும்போது இதனைப் பன்முறை எடுத்துக்காட்டியிருக்கிறோம். ஆயினும் அதன் உண்மைப் பொருளை நாம் உணர்ந்தது, ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் எம்மை ஆட்டிவைத்த ஒரு வலியின் பின்னரேயாம்.

மாலை வேளைகளில் விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருக்கும்போது வலப்பக்க நெற்றிப்பொட்டில் வலி மெல்லத் தொடங்கும். அது காதோரமாக இறங்கிக் கன்னத்திற் போய்த் தங்கும். காலையில் எழும்போது தாடை இறுகிக் கிடக்கும். பாணைக் கடிக்கும்போது காதின் முன்புறத்தில் ‘டக்’ என்றோர் ஓசை கேட்கும். ஓசையை நாம் பொருட்படுத்தவில்லை. வலியை மட்டுமே பொருட்படுத்தினோம். எமது முதற் பிழை இங்கேதான் நேர்ந்தது. வைத்தியரிடம் சென்ற போதெல்லாம் “தலை வலிக்கிறது” என்றோமேயன்றித் “தாடை ஒலிக்கிறது” என்று ஒருநாளும் சொன்னோமில்லை.

தலைவலி என்றதும் கண்ணைச் சோதித்தார்கள். நாற்பதைக் கடந்தவர்க்கு வெள்ளெழுத்து வருவது இயல்பாதலால் கண்ணாடி மாறிற்று; வலி மாறவில்லை. காதைச் சோதித்தார்கள், காதிற் குறையொன்றும் இல்லை. பீனிசமாக இருக்கலாம் என்று ஆவி பிடித்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்த சின்னம்மா மூலிகைகளை நல்லெண்ணெயிற் காய்ச்சித் தந்தார். தலை குளிர்ந்தது, வலி தணியவில்லை. பின்பு ஒருநாள் வலி கடைவாயில் நிலைகொண்டதுபோல் தோன்றவே, ஒரு பற்சிகிச்சை நிலையத்திற்குச் சென்று “இந்தப் பல்தான்” என்று நாமே விரலாற் சுட்டிக்காட்டினோம். பல் போயிற்று, வலி போகவில்லை.

இதன் பின்னர் வேறோரிடத்தில், “உங்கள் மேற்பல்லும் கீழ்ப்பல்லும் சரியாகப் பொருந்தவில்லை. எல்லாப் பற்களையும் சிறிது சிறிதாக அராவி மூடியிட்டால் வலி அடியோடு நீங்கும்” என்றார்கள். அதற்குக் கேட்ட தொகை, மூத்த மகளின் மேற்படிப்புக்கென வங்கியில் நாம் ஒதுக்கி வைத்திருந்த பணத்திற் பெரும்பகுதி. வலியின் கொடுமையில் அதற்கும் இசைந்தோம். பணத்தை எடுக்கப் புறப்பட்ட அன்று காலையில் எமது மனைவியார் வாசலில் நின்று ஒரு கேள்வி கேட்டார்.

“பணத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. நீங்கள் நித்திரையில் நறநறவென்று பல்லைக் கடிக்கிறீர்கள். அதை எந்த வைத்தியரிடமாவது சொன்னீர்களா?”

நாம் திகைத்துப் போனோம். “எத்தனை நாளாக?” என்று கேட்டோம். “எத்தனையோ வருடங்களாக. என்னிடம் ஒருவரும் கேட்கவில்லையே!” என்றார்.

அன்று நாம் வங்கிக்குச் செல்லவில்லை. சக ஆசிரியர் ஒருவரின் சொற்படி பேராதனைப் பல் போதனா வைத்தியசாலைக்குச் சென்றோம். அங்கே அறிந்தவற்றையும், பின்பு படித்துத் தெளிந்தவற்றையும், இதே துன்பத்தில் உழலும் வாசகர்க்குப் பயன்படுமென்று இவ்வாரம் எழுதுகிறோம்.

காதின் முன்னுள்ள கதவு

இரு சுட்டுவிரல்களையும் காதுகளின் முன்னே வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். தோலின் அடியில் ஏதோ உருண்டு நகர்வதை உணர்வீர்கள். அதுவே தாடை மூட்டு. கீழ்த்தாடையின் குமிழ்போன்ற முனை, மண்டையோட்டின் பொட்டெலும்பிலுள்ள ஒரு குழியிற் பொருந்தியிருக்கிறது. இரண்டுக்குமிடையே மெல்லிய நார்த்தட்டு ஒன்று மெத்தைபோல் அமைந்துள்ளது.

உடம்பின் மற்ற மூட்டுக்கள் பலவற்றிலும் இது வேறுபட்டது. வாயைச் சிறிதளவு திறக்கும்போது குமிழ் தன்னிடத்திலேயே சுழல்கிறது, கதவு கீலிற் சுழல்வதுபோல. மேலும் திறந்தால் அது குழியை விட்டு முன்னோக்கி வழுக்கிச் செல்கிறது. நார்த்தட்டும் அதனோடு கூடவே செல்லவேண்டும். தட்டுச் சற்று முன்னே விலகியிருந்தால், குமிழ் அதன்மேல் ஏறும் கணத்தில் ‘டக்’ என்ற ஓசை பிறக்கிறது. அன்றியும், இடமும் வலமுமான இரு மூட்டுக்களும் ஒரே எலும்பின் இரு முனைகள்; ஒன்று அசைந்தால் மற்றொன்றும் அசைந்தே தீரும்.

இந்தத் தாடையை இயக்கும் தசைகளுள் ஒன்று கன்னத்தில் இருக்கிறது. மற்றொன்று நெற்றிப்பொட்டு முழுவதும் விசிறிபோல் விரிந்து கிடக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பொட்டின்மேல் விரலை வைத்தால் அத்தசை புடைப்பதைக் காணலாம். இரவு முழுவதும் பல்லைக் கடிப்பவனுக்கு அந்தத் தசை ஓய்வறியாத கூலியாள் போன்றது. ஓய்வில்லாத் தசை வலிக்கிறது. அது பொட்டில் இருப்பதால் தலைவலி என்று பெயர் பெறுகிறது. மேலும், முகம், பல், தாடை, நெற்றி ஆகியவற்றின் உணர்ச்சிகள் யாவற்றையும் மூளைக்கு எடுத்துச் செல்வது மூன்று கிளைகளாகப் பிரியும் ஒரே நரம்பு. ஒரே வாசலால் வரும் பல செய்திகளுள் எது எங்கிருந்து வந்தது என்பதில் மூளை தடுமாறுவதுண்டு. பழுதற்ற எமது கடைவாய்ப் பல் பலியானதன் காரணம் இதுவேயாம்.

யாருடைய நோய்?

தாடை மூட்டு பல் வைத்தியத்தின் எல்லையிலா, பொது வைத்தியத்தின் எல்லையிலா இருக்கிறது? இவ்வினாவுக்கு உலகம் இன்னும் முழுமையாக விடை கண்டபாடில்லை. 1840ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரிற் பல் வைத்தியத்திற்கென்றே தனிக் கல்லூரியொன்று எழுந்தது. அங்கும் பின்பு பிற நாடுகளிலும், வாய் ஒரு கல்லூரிக்கும் உடம்பின் ஏனைய பாகங்கள் மற்றொரு கல்லூரிக்கும் உரியனவாயின. இரு வயல்களுக்கிடையிலுள்ள வரம்புபோல, தாடை மூட்டை இருவரும் மிதித்துச் சென்றார்கள், உழுதவர் சிலரே.

1934ஆம் ஆண்டில் ஜேம்ஸ் கொஸ்டன் என்னும் காது மூக்குத் தொண்டை வைத்தியர், காது வலியும் தலைவலியும் தாடை மூட்டின் கோளாற்றால் வரலாம் என்று எழுதினார். கடைவாய்ப் பற்களை இழந்தவர்களின் தாடை மிகுதியாக மூடிக்கொள்வதே காரணம் என்பது அவர் துணிபு. அதனைப் பின்பற்றிப் பல தலைமுறைகளாகப் பற்களின் பொருத்தத்தைத் திருத்துவதே வைத்தியமாகக் கருதப்பட்டது. 1969ஆம் ஆண்டில் டானியல் லாஸ்கின் என்னும் அறிஞர், பல்லின் பொருத்தத்தைவிடத் தசைகளின் களைப்பும், அக்களைப்பை விளைக்கும் மனவிறுக்கமும் முதன்மையானவை என்று எடுத்துக்காட்டினார். இன்று தசை, மூட்டு, நரம்பு, நித்திரை, மனம் ஆகிய பலவும் ஒன்றோடொன்று பின்னியே இவ்வலி உண்டாகிறதென்பது ஆராய்ச்சியாளர் கருத்து. நோயைப் பிரித்தறிவதற்கான பொது முறையொன்றைப் பல நாட்டு அறிஞரும் கூடி 2014ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். முகம், வாய் ஆகியவற்றின் வலிகளை ஆராயும் துறையை அமெரிக்கா தனியொரு பல் வைத்தியச் சிறப்புத் துறையாக ஏற்றுக்கொண்டது 2020ஆம் ஆண்டிலேதான்.

இந்த இடைக்காலத்திற் பட்ட துன்பங்களுள் ஒன்றை இங்கே கூறுதல் தகும். 1980களில் அமெரிக்காவிற் பல நோயாளரின் தாடை மூட்டிலிருந்த நார்த்தட்டை அகற்றிவிட்டு, டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டுக்களைச் சத்திரசிகிச்சை மூலம் பொருத்தினார்கள். மெல்லும் அழுத்தத்தில் அவை துகள் துகளாக உதிர்ந்தன. துகள்களை எதிர்த்து உடம்பு தொடுத்த போரில் அருகிலிருந்த எலும்பே அரிக்கப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் அந்நாட்டு அரசாங்கம் எச்சரிக்கை விடுத்து அவற்றை மீளப் பெறச் செய்தது. அதற்குள் பலர் ஒரு வலியைத் தீர்க்கப் போய், தீராத பல வலிகளை வாங்கிக்கொண்டார்கள். மீட்க முடியாத ஒன்றைச் செய்வதற்கு முன்னர், மீட்கக்கூடிய யாவற்றையும் செய்து பார்த்தல் வேண்டும் என்பதே இதனாற் பெறும் பாடம்.

பேராதனையில் ஒரு காலை

இலங்கையில் 1943ஆம் ஆண்டில் கொழும்பில் ஆரம்பமான பல் வைத்தியக் கல்வி, 1950களிற் பேராதனைக்கு இடம்பெயர்ந்தது. இன்றுள்ள பீடமும் போதனா வைத்தியசாலையும் யப்பானிய மக்களின் கொடையால் எழுந்து 1998ஆம் ஆண்டிற் பயன்பாட்டுக்கு வந்தவை. நீண்டகாலம் இந்நாட்டுப் பல் வைத்தியர்கள் பட்டம் பெறும் ஒரே இடமாகவும் இது விளங்கிற்று. கண்டி நகரிலிருந்து பஸ்ஸில் ஏறினால் வந்து சேர்ந்துவிடலாம். தினமும் அவ்வழியாற் சென்றும், எமது தலைவலிக்கும் அக்கட்டடத்துக்கும் தொடர்பு உண்டென்பது எமக்குத் தோன்றியதேயில்லை!

காலையிலேயே சென்று பெயரைப் பதிந்துகொண்டு வாங்கில் அமர்ந்தோம். முதலிற் பார்த்த இளம் வைத்தியர் எமது கதை முழுவதையும் கேட்டு எழுதிக்கொண்டு, நிபுணரிடம் அனுப்பி வைத்தார். அந்த நிபுணர் கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. கேள்விகளையே எடுத்தார். வலி எப்போது தொடங்குகிறது? மெல்லும்போது கூடுகிறதா? காலையில் மிகுதியா, மாலையில் மிகுதியா? நித்திரை எப்படி? வீட்டிலும் தொழிலிலும் மனத்தை வருத்துவது ஏதேனும் உண்டா? மாதத்தில் எத்தனை நாட்கள் வலி மாத்திரை விழுங்குகிறீர்கள்?

கடைசிக் கேள்விக்கு நாம் கூறிய விடை அவருக்கு உவப்பாயில்லை. சாதாரண வலி மாத்திரையைத்தானும் மாதத்தில் 15 நாட்கள் அல்லது அதற்கு மேலாகத் தொடர்ந்து உண்டால், அம்மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும் என்பதை அன்றுதான் அறிந்தோம்.

பின்பு இரு விரல்களாற் பொட்டையும் கன்னத்தையும் கழுத்தையும் அழுத்திப் பார்த்தார். கன்னத்தின் ஓரிடத்தை அவர் அழுத்தியபோது, “இதுதான், இதே வலிதான்!” என்று நாம் கூவிவிட்டோம். “அழுத்தினால் நீங்கள் அறிந்த வலியே திரும்பி வருகிறதென்றால், ஊற்று எங்கேயென்று தெரிந்துவிட்டது” என்றார் அவர். வாயைத் திறக்கச் சொல்லி அளந்தார். முதிர்ந்தவர் ஒருவர் சாதாரணமாக 40 மில்லிமீற்றர் அளவில், அதாவது தம் கையின் மூன்று விரல்கள் நிமிர்ந்து நுழையும் அளவுக்கு, வாயைத் திறக்கக்கூடியவராயிருத்தல் வேண்டும். எமக்கு அவ்வளவு இருந்தது.

பற்களை அராவும் யோசனையைச் சொன்னோம். அவர் யாரையும் குறை கூறவில்லை. “உங்கள் வலி தசையில் இருக்கிறது. பல்லை அராவினால் மீண்டும் வளராது. நான் சொல்வதை மூன்று மாதம் செய்து பாருங்கள்” என்று மட்டுமே சொன்னார்.

அவர் சொன்னவை மிக எளியவை. மேற்பல்லும் கீழ்ப்பல்லும் மெல்லும்போதும் விழுங்கும்போதும் அன்றி ஒன்றையொன்று தொடலாகாது. உதடுகள் மூடியிருக்க, பற்கள் விலகியிருக்க, நாக்கு மேலண்ணத்தில் இளைப்பாற வேண்டும். சில கிழமைகளுக்கு மென்மையான உணவு உண்ணல் வேண்டும். வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்துக் கன்னத்தை நீவிவிடல் வேண்டும். கற்பித்தபடி தாடைக்குப் பயிற்சி செய்தல் வேண்டும். கொட்டாவி வரும்போது கையால் நாடியைத் தாங்கிக்கொள்ளல் வேண்டும். வலி மாத்திரையைக் குறைத்தல் வேண்டும். இரவில் விடைத்தாள் திருத்தலாகாது! இறுதி விதியே எமக்கு எல்லாவற்றிலும் கடினமாயிற்று.

இவ்வளவுதானா என்று முதலில் ஏமாற்றமடைந்தோம் என்பதை மறைக்கவில்லை. ஆயின், பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகையில் 2023ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த வழிகாட்டியும் நீடித்த தாடை வலிக்கு இவற்றையே முன்னிறுத்துகிறது: நோயைப் பற்றிய விளக்கம், வீட்டிற் செய்யும் நீவுதல், மேற்பார்வையுடன் செய்யும் தாடைப் பயிற்சி, உடலை நேராக நிறுத்தும் பயிற்சி, வலியை எதிர்கொள்ள மனத்தைப் பழக்கும் ஆலோசனை. இரவிற் பற்களுக்கிடையே அணியும் கழற்றக்கூடிய தகடுகளைத்தானும் வலிக்கு முதல் மருந்தாக அது சொல்லவில்லை. பல்லின் நிலையை நிரந்தரமாக மாற்றிவிடும் முறைகளையும், நார்த்தட்டை அகற்றும் சத்திரசிகிச்சையையும் உறுதியாகவே விலக்குகிறது. வலியின்றி ‘டக்’ என்ற ஓசை மட்டும் கேட்பவர்க்குப் பெரும்பாலும் வைத்தியமே வேண்டியதில்லை.

வாங்கிலிருந்த அம்மையார்

அன்று காலையில் வாங்கில் எம்மருகே தோட்டத்திலிருந்து வந்த அம்மையார் ஒருவர் அமர்ந்திருந்தார். வயது ஐம்பதிருக்கும். “எனக்கும் தாடைதான் மாஸ்டர் ஐயா. பூட்டுப் போட்ட மாதிரி வாய் தொறக்க மாட்டேங்குது. காரம் பட்டா எரியுது” என்றார். இரண்டு விரல்களும் நுழையாத அளவுக்கே அவரால் வாய் திறக்க முடிந்தது. நான்கு வருடங்களாக எண்ணெய் தேய்த்து உருவிவிடுபவரிடம் சென்றுகொண்டிருந்தாராம். மலையில் கொழுந்து பறிக்கும்போது பசி தெரியாமலிருக்க வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் சிறு வயது முதலே பழக்கமென்றார்.

அவருடைய நோய் தாடை மூட்டின் நோயன்று. பாக்கின் காரத்தால் கன்னத்தின் உட்புறச் சவ்வு தடித்து, நார்நாராகி, வாயைப் பிணித்துவிடும் நோய் அது. புற்றுநோய்க்கு முன்னோடியாக வரக்கூடியது. பாக்கு புற்றுநோயை விளைக்கக்கூடியது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004ஆம் ஆண்டிலேயே வகைப்படுத்திவிட்டது. புகையிலை சேர்க்காத வெற்றிலையும் அதற்கு விலக்கன்று. அந்த அம்மையாரின் கன்னத்திலிருந்து சிறு துணுக்கு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள்.

மூன்று மாதங்களின் பின்னர், நாம் மீண்டும் சென்ற அதே நாளில் அவரும் வந்திருந்தார். “புத்து இல்லேன்னுட்டாங்கய்யா. ஆனா வெத்தலைய விட்டுட்டு அடிக்கடி வந்து காட்டணும்னாங்க. விட்டுட்டேன்” என்றார். அவர் மடியில் வெற்றிலைப் பை இல்லை. ஆயினும் கை பழக்கத்தினால் இரண்டு முறை மடியைத் தடவிற்று. நான்கு வருடம் எண்ணெய் தேய்த்த காலத்தில் அந்தச் சவ்வில் என்னென்னவோ நிகழ்ந்திருக்கலாம் என எண்ணியபோது, எமது ஒரு பல்லின் இழப்பு மிகச் சிறியதாகத் தோன்றிற்று.

யாரை முதலில் நாடுவது?

வாசகர்க்கு எளிதாக விளங்கும்பொருட்டுச் சிலவற்றை வகுத்துக் கூறுகிறோம்.

மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் வலி கூடினால், காலையில் தாடை இறுகியிருந்தால், மூட்டில் ஓசையோடு வலியும் இருந்தால், முதலிற் பல் வைத்தியரிடம் செல்லுங்கள். அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலையின் பற்பிரிவிற் காட்டினால், வேண்டியபோது அவர்களே உரிய நிபுணரிடம் அனுப்பி வைப்பார்கள். வலி மூட்டிலும் தசையிலும் இருந்தாலும் முதலில் வாயை முழுதும் சோதிக்க வேண்டுமாதலின் இதுவே நேர்வழி.

தலையின் ஒரு பக்கம் துடிதுடித்து வலித்து, குமட்டலும் ஒளியைக் காண முடியாமையும் சேர்ந்தால், அது ஒற்றைத் தலைவலியாக இருக்கலாம். பொது வைத்தியரையும் அவர் வழியாக நரம்பியல் நிபுணரையும் நாடுக. மின்னல் வெட்டுவதுபோல் சில கணங்கள் மட்டும் கன்னத்திற் பாயும் கடும் வலி நரம்பைச் சார்ந்தது. அதற்கு மருந்து வேறு. அந்த வலிக்காகப் பல்லைப் பிடுங்க இடங்கொடாதீர்கள்.

வாய் வரவரக் குறைவாகத் திறந்தால், கன்னத்தின் உட்புறம் வெளுத்துத் தடித்தால், இரண்டு கிழமைகளில் ஆறாத புண் இருந்தால், வெற்றிலை போடுபவராயினும் போடாதவராயினும் தாமதமின்றிப் பல் வைத்தியரிடம் காட்டுக.

இனி, நாட்பார்த்துச் செல்லாமல் அன்றே செல்ல வேண்டியவை சில உண்டு. ஐம்பது வயதைக் கடந்தவர்க்குப் புதிதாகப் பொட்டில் வலி தோன்றி, தலை சீவும்போது தோல் நொந்து, மெல்ல மெல்லத் தாடை சோர்ந்து வலித்தால், அது பொட்டிலுள்ள நாடியின் அழற்சியாக இருக்கலாம். கவனியாது விட்டால் கண்பார்வை பறிபோகும். உரிய மருந்தை உடனே தொடங்கினாற் பார்வையைக் காக்கலாம். நடக்கும்போது அல்லது படியேறும்போது தாடை வலித்து, மார்பிறுக்கமும் வியர்வையும் கூடினால் அது இருதயத்தின் குரல். 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் வண்டியை வருவியுங்கள். காயம்பட்ட சில நாட்களில் வாய் பூட்டிக்கொண்டால் ஏற்புவலியை ஐயுறுக. இதுவரை அறியாத கடுந்தலைவலி திடீரென இடிபோல் வந்தாலும், கை கால் சோர்வோ பேச்சுக் குழறலோ சேர்ந்தாலும் அவ்வாறே விரைந்து செல்க.

எந்த வைத்தியரிடம் சென்றாலும் ஒரு தாளில் மூன்று விடயங்களைக் குறித்துச் செல்லுங்கள்: வலி வரும் நேரம், அதனைக் கூட்டுவதும் குறைப்பதும், இதுவரை உண்ட மருந்துகள். கூடவே வீட்டில் உள்ளவர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். உறங்குபவன் தன் பற்களின் ஓசையைக் கேட்பதில்லை. சிகிச்சையொன்றைக் கூறும்போது, “பிடிக்காவிட்டால் இதனைப் பழையபடி மாற்ற முடியுமா?” என்று தயங்காது கேளுங்கள். நல்ல வைத்தியர் இக்கேள்விக்குச் சினங்கொள்ளார்.

மாணவர்க்கு ஒரு சொல்

இந்த நோய் முதியோர்க்கே உரியதென எண்ணற்க. இருபது முதல் நாற்பது வயதிற்குட்பட்டோரிடம், அதிலும் பெண்களிடம், இது மிகுதியாகக் காணப்படுகிறது. உயர்தரப் பரீட்சை நெருங்கும் காலத்தில் எமது வகுப்பைக் கூர்ந்து பார்க்கிறோம். கன்னத்தை உள்ளங்கையில் ஊன்றியபடி ஒருவன். எழுதுகோலைக் கடித்தபடி ஒருத்தி. தாடைத் தசை புடைக்கப் பல்லை இறுக்கியபடி மற்றொருவன். கையிலுள்ள தொலைபேசியின்மீது கழுத்தை வளைத்துக் குனிந்திருப்போர் எத்தனையோ பேர். “பல்லைக் கடித்துக்கொண்டு படி” என்று பெரியோர் கூறுவதுண்டு. அதனைச் சொல்லளவிற் கொள்ளுங்கள், செயலளவிற் கொள்ளாதீர்கள்! மணிக்கொரு தரம் எழுந்து, தோளைத் தளர்த்தி, பற்களை விலக்கி, நாலு முறை ஆழ மூச்சு விடுங்கள்.

அண்மையில் ஒரு மாணவி தலைவலியென்று மூன்றாம் முறையாக விடுமுறை கேட்டு வந்தாள். காகிதத்தில் ஒப்பமிடுமுன், “தங்கச்சி, காலையில் தாடை இறுகியிருக்கிறதா?” என்று கேட்டோம். அவள் வியப்புடன், “ஓம் சேர், உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றாள். எப்படித் தெரியும் என்பதைத்தான் இவ்வளவு நேரமும் எழுதினோம்.

எமது வலி இன்று முற்றாக நீங்கிவிட்டதென்று சொல்லமாட்டோம். பரீட்சைக் காலங்களில் எட்டிப் பார்க்கிறது. ஒத்தடத்திற்குப் பணிந்து போகிறது. மகளின் பணம் வங்கியில் இருக்கிறது. பிடுங்கிய பல்லின் இடம் மட்டும் வெறுமையாக இருக்கிறது. நாக்கு அடிக்கடி அங்கே சென்று எமது அவசரத்தை நினைவூட்டி மீள்கிறது.

நோய் இன்னதென ஆராய்ந்து, அதன் காரணத்தை ஆராய்ந்து, தணிக்கும் வழியையும் ஆராய்ந்த பின்னரே வைத்தியம் செய்க என்பது வள்ளுவப் பெருந்தகை மருந்து என்னும் அதிகாரத்தில் வகுத்த நெறி. நோயாளி, வைத்தியன், மருந்து, அருகிருந்து பேணுவோன் என நால்வகையாக மருத்துவத்தைப் பகுத்ததும் அவரே. எமது நோயைப் பொறுத்தவரை அந்த நான்காவது பகுதியே முதலில் நோயைக் கண்டறிந்தது. நாம் கேட்கத்தான் பிந்திவிட்டோம்.